1953 எவரெஸ்ட் அணி நடந்த வழியில் இன்று நடப்பது: எங்கே தொடங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

#1 கோவை_நடையன்

எல்லோருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் இரண்டு பேர் எவரெஸ்ட் அடித்தள முகாம் வரை போகிறோம். பெரும்பாலோர் நடை தொடங்கும் மலை விமான நிலையமான லுக்லாவுக்கு விமானம் ஏறுவதாக இல்லை. 1953இல் ஜான் ஹண்ட் தலைமையில் டென்சிங்கும் ஹிலாரியும் மற்றவர்களும் நடந்துபோன வழியிலேயே போக வேண்டும் என்பதுதான் திட்டம். காத்மாண்டுவில் தொடங்கி காத்மாண்டுவில் முடிக்க 24 நாள் இருக்கிறது. திரும்பும்போது விமானம் சம்மதம்.

சிலர் ஜிரி என்கிறார்கள், சிலர் பக்தபூர் என்கிறார்கள். அணி உண்மையில் எங்கிருந்து நடந்தது? பழைய பாதையில் எவ்வளவு மிச்சம்? ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மலைத்தடம்

நடை தொடங்கியது பக்தபூரில். 1953 மார்ச் 10 அன்று முதல் பிரிவு சுமார் 150 சுமைதூக்கிகளோடும், மறுநாள் இரண்டாவது பிரிவு சுமார் 200 பேரோடும் கிளம்பின. தெங்போச்சே மடத்தை அடைந்தது மார்ச் 26, 27இல். 17 நாள் நடை.

வழி பனேபா, தோலால்காட், கிராந்திசாப், யர்சா, தோசே என்று கிழக்கே போகும். அதில் முதல் பாதியை மறந்துவிடுங்கள். தோலால்காட் வரை நெடுஞ்சாலை, அதற்குப் பிறகும் மலைச் சரிவெல்லாம் ஜீப் பாதை. நடந்தால் நாள்தான் போகும், பழைய தடம் கிடைக்காது. 1980களில் சுவிஸ் உதவியோடு ஜிரி வரை சாலை வந்தது. அன்றிலிருந்து நடப்பவர்களுக்கு ஜிரிதான் வாசல். காத்மாண்டுவிலிருந்து 190 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, பஸ்ஸில் 7 முதல் 9 மணி நேரம்.

இந்த வழியில் ஆறுகள் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகின்றன, நீங்கள் மேற்கிலிருந்து கிழக்கே நடக்கிறீர்கள். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு மலைத்தொடரில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். கிம்தி, லிக்கு, தூத்கோசி என்று வரிசையாக வரும். ஜிரி 1,905 மீட்டர், எவரெஸ்ட் பகுதியின் முக்கிய ஊரான நாம்சே 3,440 மீட்டர். பார்த்தால் 1,500 மீட்டர்தான் வித்தியாசம். ஏறியதை எல்லாம் கூட்டினால் 6,500 மீட்டருக்குக் குறையாது. நாள் கணக்கைத் தூரத்தை வைத்துப் போடாதீர்கள், ஏற்றத்தை வைத்துப் போடுங்கள்.

#3 சாலையோரம்

மலைத்தடம் சொல்வது சரி, ஆனால் ஜிரியும் இன்று பழைய ஜிரி இல்லை. ஜிரி–சிவாலயா–பண்டார் எங்கும் ஜீப் பாதை பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. சல்லேரி, பாப்லு பக்கத்திலிருந்து நுந்தலா, காரிகோலா தாண்டியும் ஜீப் ஓடுகிறது. மழை விட்ட சில வாரத்தில் அந்தப் பாதையில் கணுக்கால் வரை தூசி. வரலாறு பார்க்கப் போய் ஜீப் தூசி தின்னவா? காத்மாண்டுவிலிருந்து நேரே சல்லேரிக்கு ஜீப்பில் போய் அங்கிருந்து நடந்தால் நாலு நாள் மிச்சம்.

#4 மலைத்தடம்

@சாலையோரம், நாலு நாள் மிச்சமாகும், லாம்ஜுரா போய்விடும். 1953 வழியில் இன்றும் உருக்குலையாமல் இருப்பதில் முக்கியமானது அந்தக் கணவாய்தான். தூசிக்குப் பயந்து அதை விடக்கூடாது. சாலை வெட்டிய இடங்களிலும் பழைய கல்படிப் பாதை பெரும்பாலும் இருக்கிறது. சாலை கொண்டையூசி வளைவாகச் சுற்றும், பாதை நேரே ஏறும். வளைவு வரும்போதெல்லாம் மேல்பக்கம் படி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் யாரிடமாவது "புரானோ பாட்டோ கதா?" என்றால் கை காட்டுவார்கள். "பழைய பாதை எங்கே" என்று கேட்கிறீர்கள்.

நாள் நாளாக (அடைப்புக்குறிக்குள் உயரம், மீட்டரில்):

1) ஜிரி – சிவாலயா (1,770). நடுவில் 2,400 வரை ஏறி இறங்க வேண்டும். நாலு மணி நேரம். முதல் நாள், பை பழகட்டும், இதோடு நிறுத்துங்கள்.

2) சிவாலயா – தேவ்ராலி (2,705) – பண்டார் (2,190). எடுத்த எடுப்பில் 900 மீட்டருக்கு மேல் ஏற்றம். கணவாயில் நீண்ட மணிச் சுவர்கள் உண்டு. சுவர் உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். காலில் தெம்பு இருந்தால் தோதுங் மடத்துக்கும் பாலாடைக்கட்டிக் கூடத்துக்கும் ஒரு கிளைப்பாதை பிரியும்.

3) பண்டார் – கிஞ்சா (1,630) – சேத்தே (2,575). லிக்கு ஆற்றுப் பள்ளத்தாக்கு அக்டோபரிலும் புழுக்கும். கிஞ்சாவில் மதியம் ஒரு மணிக்குள் சாப்பிட்டு முடித்திருந்தால் மட்டும் சேத்தே ஏறுங்கள். இல்லையென்றால் கிஞ்சாவிலேயே தங்குங்கள்.

4) சேத்தே – லாம்ஜுரா (3,530) – ஜுன்பேசி (2,700). கிஞ்சாவிலிருந்து கணக்கிட்டால் 1,900 மீட்டர். முழு வழியிலும் ஒரே மூச்சில் வரும் பெரிய ஏற்றம் இதுதான். மலைமுகட்டில் தண்ணீர் மிக அரிது, ஆளுக்கு 2 லிட்டர் நிரப்பிக்கொண்டு ஆறரைக்குக் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிடும். இறங்கும் பக்கம் நிழல் சரிவு, மார்ச் மாதத்தில் பனி இறுகிக் கண்ணாடியாக வழுக்கும். அக்டோபரில் வெறும் சேறு.

5) ஜுன்பேசி – ரிங்மோ – தக்சிந்து (3,071) – நுந்தலா (2,250). ஜுன்பேசி தாண்டி சுமார் 3,050 மீட்டரில் ஒரு முகடு திரும்பும்போது எவரெஸ்ட் முதல்முறை தெரியும். காலை எட்டரைக்குள் அங்கே இருக்கப் பாருங்கள்.

6) நுந்தலா – தூத்கோசிப் பாலம் (1,480) – காரிகோலா (2,070) – புப்சா (2,350). தக்சிந்துவிலிருந்து ஆறு வரை மொத்தம் சுமார் 1,600 மீட்டர் இறக்கம். முட்டி போவது இங்கேதான்.

7) புப்சா – புய்யா – சுர்க்கே (2,290). 8) சுர்க்கே – சௌரிகர்கா – மொஞ்சோ (2,835). 9) மொஞ்சோ – நாம்சே.

ஜுன்பேசியில் ஒரு நாள் ஓய்வு வைத்தால் மொத்தம் பத்து நாள். அந்த ஓய்வு நாளில் துப்தென் சோலிங் மடம் போய் வரலாம், ஒன்றரை மணி நேர நடை. ஓய்வை நாம்சேயில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுபவர்கள் ஆறாவது நாள் இறக்கத்தில் நொண்டுவார்கள்.

#5 கோவை_நடையன்

அருமை அண்ணா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்று: ஜிரியிலிருந்து நடந்தால் உயர நோய் வராது என்று பல இடங்களில் படித்தேன். அப்படியென்றால் நாம்சேக்கு மேலே வேகமாகப் போகலாமா?

#6 இளவேனில்

கூடாது. இந்த நம்பிக்கைதான் ஆபத்து.

உடல் உயரத்துக்குப் பழகுவது பெரும்பாலும் நீங்கள் தூங்கும் உயரத்தைப் பொறுத்தது. லாம்ஜுரா 3,530 மீட்டராக இருக்கலாம், ஆனால் அதில் அரை மணி நேரம் நின்றுவிட்டு 2,700க்கு இறங்கித் தூங்குகிறீர்கள். இரண்டு நாள் கழித்து 1,480க்கே இறங்குகிறீர்கள். அதனால் கிடைப்பது கொஞ்சம் பழக்கம், நிறையக் கால்வலு. நேரே 2,860 மீட்டரில் விமானத்திலிருந்து இறங்குபவர்களைவிட முதல் இரண்டு மூன்று நாள் உங்களுக்குச் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். கால்வலுவுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தமே இல்லை. நன்றாக நடப்பவர்கள் வேகமாக ஏறி, வேகமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

1953 அணியே 17 நாள் நடந்து வந்த பிறகு உடனே மலையேறவில்லை. மார்ச் 29 முதல் ஏப்ரல் 17 வரை தெங்போச்சேயைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறி இறங்கிப் பழகினார்கள்.

உங்களுக்கு: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை அதே ஊரில் இரண்டு இரவு. மொஞ்சோ–நாம்சே 600 மீட்டர் ஏற்றம், ஆகவே நாம்சேயில் இரண்டு இரவு கட்டாயம். பிறகு தெங்போச்சே (3,867), திங்போச்சே (4,410) இரண்டு இரவு, துக்லா (4,620) அல்லது லொபுச்சே (4,940), கோரக்‌ஷெப் (5,160). லொபுச்சே போகும் நாளில் தலைவலி இருந்தால் துக்லாவிலேயே நின்றுவிடுங்கள்.

அசெட்டசோலமைடு மாத்திரை, உயர நோய்த் தடுப்புக்கு 125 மி.கி. காலை, இரவு. ஏற்றம் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அந்த மருந்தின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

தலைவலியோடு வாந்தி, சாப்பாடு வெறுப்பு என்றால் அன்று ஏறக்கூடாது. நேர்கோட்டில் குதிகாலும் கால்விரலும் தொட நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் மூளையில் நீர் கோக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நுரையீரல். இரண்டுக்கும் மருந்து இறங்குவதுதான், இரவானாலும் டார்ச் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். மாத்திரையெல்லாம் இறங்கும்வரை தாக்குப்பிடிக்க மட்டும்.

பெரிச்சேயில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் உயர நோய்க்கென்றே உதவி நிலையம் உண்டு. மதியம் இலவச விளக்கம் தருவார்கள். குந்தேயில் 1966இல் ஹிலாரி அமைத்த மருத்துவமனை.

#7 யாழ்வழி

நல்ல இழை. நான் கேட்க இருந்ததும் இதுதான். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு விசா, அனுமதிக் கட்டணங்கள் எப்படி? சார்க் சலுகை இருக்கு எண்டு கேள்விப்பட்டேன். மற்றது, சப்பாத்து விஷயத்தில் உயரமான பூட்ஸ்தான் வேணுமா, இல்லாட்டிச் சாதாரண நடைச் சப்பாத்தே போதுமா?

#8 மலைத்தடம்

@யாழ்வழி, சார்க் நாட்டவருக்கு ஆண்டில் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம், ஆப்கானிஸ்தான் மட்டும் விலக்கு. இந்தியருக்கு விசாவே வேண்டாம், ஆனால் விமானத்தில் வந்தால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் செல்லாது. சென்னை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்புவார்கள்.

வழியில் மூன்று இடத்தில் கட்டணம். கௌரிசங்கர் பாதுகாப்புப் பகுதி (சிவாலயாவில் சோதனை), சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். சாகர்மாதா தேசியப் பூங்கா (மொஞ்சோ), சார்க் நாட்டவருக்கு 1,500, அதன் மேல் 13 சதவீத வரி. மற்ற வெளிநாட்டவர் இரண்டுக்கும் தலா 3,000. கும்பு (நாம்சே உள்ள எவரெஸ்ட் பகுதி) ஊராட்சி தனியாக ஒன்று வாங்கும், அங்கேயே கட்டலாம். முதலாவதைக் காத்மாண்டு சுற்றுலா வாரிய அலுவலகத்திலேயே எடுத்துவிடுங்கள். கட்டணங்கள் ஏறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம்: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது நிலையான விகிதம். ஏடிஎம் சல்லேரியிலும் நாம்சேயிலும் உண்டு, நம்ப முடியாது. முழுச் செலவையும் காத்மாண்டுவில் எடுத்துக்கொண்டு போங்கள்.

சப்பாத்து: ஜிரி–நாம்சே கல்படி, சேறு, கோவேறு கழுதைச் சாணம். பிடிமானமுள்ள, உங்கள் காலுக்கு ஏற்கெனவே பழகிய எதுவும் போதும். அளவு மட்டும் அரை எண் பெரிதாக இருக்கட்டும். தக்சிந்து இறக்கத்தில் பெருவிரல் முன்பக்கம் இடித்து நகம் கறுத்துப் போவது எல்லாம் சரியான அளவு வாங்கியவர்களுக்குத்தான். இறங்கும் முன் குதிகாலைப் பின்னுக்குத் தட்டி, மேல்பக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.

#9 அருண்நதி

எல்லாரும் 1953ஐயே பிடித்துக்கொள்வது ஏன் என்று புரியவில்லை. ஆராய்ச்சிப் பயணிகளின் தடம் வேண்டுமென்றால் 1950க்குப் போங்கள். நேபாளம் கதவு திறந்ததும் டில்மனும் ஹூஸ்டனும் கும்புவுக்கு வந்தது காத்மாண்டு வழியாக அல்ல, இந்திய எல்லையிலுள்ள ஜோக்பனியிலிருந்து. தரான், தன்குட்டா, அருண் ஆறு, திங்லா, அங்கிருந்து மேற்கே சல்பா கணவாய் (3,350), குதேல், புங் என்று தூத்கோசிப் பள்ளத்தாக்குக்கு வரும் வழி. 1951இல் ஷிப்டன், ஹிலாரி, வார்டு, போர்டில்லன் எல்லாரும் அதே வழிதான். கடும் மழைக்காலத்தில் நடந்து செப்டம்பர் 22 அன்று நாம்சே சேர்ந்தார்கள். தென் பக்கத்திலிருந்து எவரெஸ்ட் ஏற வழி இருக்கிறது என்று கண்டது அந்தப் பயணம். ஹண்ட் அணி வந்தபோது, 1952 சுவிஸ் அணி கும்பு பனியாற்றில் ஏறிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

இந்தியர்களுக்கு இது வசதியும்கூட. ஜோக்பனி வரை ரயில், எல்லை தாண்டினால் பிராட்நகர், அங்கிருந்து தும்லிங்தார் வரை சாலை.

#10 மலைத்தடம்

வரலாற்றில் மறுப்பே இல்லை. ஆனால் முதல்முறை நேபாளம் நடப்பவர்களுக்கு அந்த வழியைச் சொல்ல மாட்டேன். விடுதி இல்லாத நீளமான பகுதிகள் உண்டு. அரிசி, அடுப்பு, கூடாரம் இல்லாவிட்டாலும், யார் வீட்டுத் திண்ணையிலாவது தங்கிச் சாப்பிட மொழி வேண்டும். குதேலில் நின்று பார்த்தால் புங் கண்ணெதிரே தெரியும். நடுவில் ஹொங்கு ஆறு வரை இறங்கி மறுபடி ஏற அரை நாளுக்கு மேல் ஆகும். தூரம் குறைவு என்று படத்தைப் பார்த்து நினைப்பவர்கள் இங்கேதான் கணக்கு தப்புவார்கள். செப்டம்பர் கடைசி வரை அட்டைப்பூச்சி வேறு.

#11 அருண்நதி

அட்டைக்கு உப்பு மூட்டை கட்டிய குச்சி போதும், காலுறையின் மேல் புகையிலைத் தண்ணீர். மற்றபடி ஒத்துக்கொள்கிறேன், வழிகாட்டி இல்லாமல் சல்பா வேண்டாம்.

#12 கோவை_நடையன்

சல்பா அடுத்த தடவை பார்க்கலாம். ஜிரி வழிக்கும் வழிகாட்டி கட்டாயமா? சுமைக்கு ஆள் வைக்க வேண்டுமா?

#13 சாலையோரம்

2023 ஏப்ரல் முதல் வழிகாட்டி கட்டாயம் என்று சுற்றுலா வாரியம் அறிவித்தது. கும்பு ஊராட்சி தன் எல்லைக்குள் கட்டாயமில்லை என்றது. ஜிரி பக்கம் எல்லையில் எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் காத்மாண்டு அலுவலகத்தில் அனுமதி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வழி தெரியாமல் போகும் ஆபத்து நாம்சேக்கு மேலே இல்லை, கீழேதான். கைப்பேசியில் இறக்கிய தடக்கோப்புகள் பல, ஜீப் சாலையிலேயே கூட்டிப்போகும். யாரோ மோட்டார் சைக்கிளில் பதிவு செய்ததாகக்கூட இருக்கலாம். நேபாள நிலஅளவைத் துறையின் 1:50,000 தாள்களில் சாலை வருவதற்கு முந்தைய பாதைகள் இருக்கின்றன. பழைய தடம் தேடுபவர்களுக்கு அவைதான் உதவும்.

#14 மலைத்தடம்

சுமை: 1953இல் தலைக்கு 60 பவுண்டு, அதாவது 27 கிலோ, நெற்றிப்பட்டையில். இன்று அந்தக் கணக்கைத் திருப்பிச் செய்யாதீர்கள். ஒரு சுமைதூக்கிக்கு 20 கிலோ என்று வையுங்கள், இருவருக்கும் சேர்த்து ஒரு ஆள் போதும். காப்பீடு எடுத்திருக்கிறதா, கையுறை, குளிர் ஜாக்கெட், நல்ல காலணி இருக்கிறதா என்று ஜிரியிலேயே பாருங்கள். கீழ்ப்பகுதியைச் சேர்ந்தவருக்கும் உயர நோய் உங்களைப் போலவே வரும்.

தசைன் பண்டிகையைக் கவனியுங்கள். பெரும்பாலும் அக்டோபரில் வரும். அதற்கு முந்தைய வாரம் காத்மாண்டுவிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் இடம் கிடைக்காது, பண்டிகை நாளில் ஆளும் கிடைக்காது. தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

நீங்களே தூக்குவதென்றால் தண்ணீர் நீங்கலாக 9 கிலோ. ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 10 தாங்க வேண்டும். காரிகோலாவில் வேர்த்து வழியும், கோரக்‌ஷெப்பில் தண்ணீர் பாட்டில் உறையும். இரண்டுக்கும் ஒரே பையில் துணி வேண்டும், இதுதான் லுக்லாவிலிருந்து நடப்பவர்களுக்கு இல்லாத தலைவலி. கிஞ்சா வரை பருத்தி போதும் என்று டீ-ஷர்ட் எடுத்துப்போனால் லாம்ஜுரா காற்றில் அந்த ஈரமே நடுக்கிவிடும்.

காரிகோலா–சுர்க்கே இடையே கோவேறு கழுதைக் கூட்டம் வரிசையாக வரும். மணிச் சத்தம் கேட்டதும் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். எரிவாயு சிலிண்டர் கட்டிய சுமை தோளில் இடித்தால் போதும். தொங்கு பாலத்தில் அவை ஏறிவிட்டால் முழுதும் கடக்கும்வரை காத்திருங்கள்.

#15 இளவேனில்

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை. 1952 சுவிஸ் அணி மேல் முகாம்களில் போதிய தண்ணீர் குடிக்காமல் தளர்ந்ததைக் கவனித்து, 1953 அணியின் உடலியல் நிபுணர் கிரிஃபித் பியூ குடிநீருக்கே தனியாகத் திட்டம் போட்டார். உங்களுக்கு நாளைக்கு 3 லிட்டர். குளோரின் மாத்திரை போட்டு 30 நிமிடம், தண்ணீர் ஜில்லென்று இருந்தால் ஒரு மணி நேரம். புற ஊதாக் கருவியின் பேட்டரி குளிரில் செத்துவிடும், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். கோரக்‌ஷெப்பில் தண்ணீர் 83 டிகிரி அளவிலேயே கொதிக்கும். கிருமி சாக அது போதும், பருப்பு வேகத்தான் குக்கர் வேண்டும்.

#16 யாழ்வழி

அக்டோபர் எண்டால் மழை முடிஞ்சிடுமோ?

#17 சாலையோரம்

பெரும்பாலும். ஆனால் வங்கக்கடல் புயல் இமயம் வரை போகும். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் விசாகப்பட்டினத்தில் கரை கடந்து, இரண்டு நாளில் அன்னபூர்ணா பக்கம் பெரும் பனியாகக் கொட்டி நடைபயணிகள் பலர் இறந்தார்கள். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று நம் ஊர்ச் செய்தியில் வந்தால், திங்போச்சேக்கு மேலே இருப்பவர்கள் கணவாய் எதுவும் கடக்காமல் ஊரிலேயே இருக்க வேண்டும்.

#18 கோவை_நடையன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜிரிக்கு 1 நாள், நாம்சேக்கு ஓய்வோடு 10, நாம்சேயில் ஒரு நாள், கோரக்‌ஷெப் வரை 5, லுக்லா இறங்க 3, ஆக 20. மிச்சம் 4. முகாமும் காலாபத்தர் குன்றும் இரண்டையும் பார்க்க முடியுமா? திரும்ப லுக்லா விமானம் நேரே காத்மாண்டுவா?

#19 மலைத்தடம்

கோரக்‌ஷெப் சேரும் மதியமே முகாம் (5,364) போய்வரலாம், காலாபத்தர் (சுமார் 5,550) மறுநாள் விடியற்காலை. உடம்பு ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் காலாபத்தரை எடுங்கள். முகாமிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. 1952இல் சுவிஸ் அணி முகாமிட்டது கோரக்‌ஷெப்பில்தான், எனவே அங்கே இரவு தங்குவதே வழியைப் பின்பற்றியதாகிவிடும்.

அக்டோபர் நெரிசலில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலிக்குத்தான். அங்கிருந்து காத்மாண்டு சாலையில் 4, 5 மணி நேரம். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் அந்த வழியிலுள்ள பி.பி. நெடுஞ்சாலை பெரிதும் அடிபட்டது, நிலைமை கேட்டுக்கொண்டு ஏறுங்கள். லுக்லாவில் மேகம் இறங்கினால் விமானமே இல்லை, மிச்சமுள்ள 4 நாளில் மூன்றை இதற்கு ஒதுக்குங்கள். இரண்டு நாள் காத்தும் பறக்கவில்லை என்றால் சுர்க்கே வழியாகக் கீழே நடந்து, ஜீப் கிடைக்கும் இடத்தில் பிடித்து சல்லேரி, அங்கிருந்து காத்மாண்டு. ஜீப்பில் முன் இருக்கைக்கு முந்தின நாள் இரவே சொல்லி வையுங்கள்.